குன்னத்தூரில் ஒரு வெப் ஹோஸ்டிங் தொழில்

ஆண்டுதோறும் நம் கல்லூரியினின்றும் பட்டம் பெற்று வெளியேறும் இளைஞரை நோக்கி, “இனி என்ன செய்யக் கருதுகிறீர்?” என்று வினவினால், பெரும்பாலோர் தரும் விடை ஒன்றே. பெங்களூருக்கோ சென்னைக்கோ சென்று ஏதேனும் ஒரு கம்பெனியில் உத்தியோகம் தேடப்போவதாகக் கூறுவர். உத்தியோகத்தை நான் இகழவில்லை. அதனால் பல குடும்பங்கள் கடன் தீர்ந்து தலைநிமிர்ந்தன என்பதை அறிவேன். ஆயினும், கணினிக் கல்வி கற்ற இளைஞன் ஒருவன் தன் ஊரிலிருந்தே நடத்தக்கூடிய தொழில்கள் உண்டா, உண்டெனில் அவற்றை எங்ஙனம் தொடங்குவது, எங்ஙனம் நாலு பேருக்கு அறிவிப்பது என்னும் ஆராய்ச்சி நம்மிடையே மிகக் குறைவு. அத்தொழில்களுள் ஒன்றான வெப் ஹோஸ்டிங் என்பதைப் பற்றி, நான் பிறந்த குன்னத்தூரை மனத்திற்கொண்டு, சில கருத்துக்களை இப்பத்திரிகையின் வாயிலாகக் கூற விரும்புகிறேன்.

வெப் ஹோஸ்டிங் என்பது யாது? ஒரு வியாபாரியோ ஒரு பள்ளிக்கூடமோ தன்னைப் பற்றிய செய்திகளை உலகத்தார் காணும்படி இணையத்தில் வைக்க வேண்டுமாயின், அச்செய்திகள் இரவும் பகலும் ஓயாது இயங்கும் ஒரு கணினியில் இருத்தல் வேண்டும். அக்கணினிக்குச் சர்வர் என்று பெயர். குளிரூட்டப்பெற்ற பெருங்கட்டடங்களில் அத்தகைய சர்வர்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அக்கட்டடங்களை டேட்டா சென்டர் என்பர். சர்வரில் பிறருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, அங்கே அவர்கள் வைத்ததைப் பழுதின்றிக் காத்து, அதற்கு ஆண்டுக் கட்டணம் பெறுவதே இத்தொழில். டொமைன் எனப்படும் வலைப்பெயரைப் பதிவு செய்து கொடுப்பதும், அப்பெயரில் மின்னஞ்சல் அமைத்துக் கொடுப்பதும் இதனோடு சேர்ந்தே வரும். ஆங்கிலத்தில் ஹோஸ்ட் என்னுஞ் சொல் விருந்தினரை ஏற்றுப் பேணுவோனைக் குறிக்கும். விருந்தோம்பலை அறமாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிற்க. குன்னத்தூரை அறியாதார் பொருட்டு ஒரு சொல். திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் வழியாகக் கோபிசெட்டிபாளையம் செல்லும் சாலையில் உள்ள பேரூர் அது. முன்னர் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது அதனோடு இணைந்தது. ஒரு பக்கம் உழவும் கால்நடையும் சந்தையும். மற்றொரு பக்கம் திருப்பூரின் பனியன் தொழில். 1920-களில் சில பின்னற்பொறிகளுடன் தொடங்கிய அத்தொழில், 1970-களின் பிற்பகுதியில் இத்தாலி நாட்டு வியாபாரி ஒருவர் வந்து சரக்கு வாங்கியதிலிருந்து கடல் கடந்து பரவிற்று. இன்று சுற்றுவட்டக் கிராமங்களிலும் தையற்பொறிகளின் ஓசை கேட்கிறது. பத்துப் பொறி வைத்திருப்பவருக்கும் ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளர் இருத்தல் கூடும். அவ்வாடிக்கையாளர் இவரை அறிவது எதனால்? ஒரு வலைத்தளத்தாலும் ஒரு மின்னஞ்சல் முகவரியாலுமே.

இதனை நான் ஏட்டிற் படித்து அறியவில்லை. என் குடும்பத்தில் நேர்ந்த ஓர் இழப்பினால் அறிந்தேன். என் தாய்மாமன் ஒருவர் குன்னத்தூருக்கு அருகே குழந்தைகளுக்கான பின்னலாடை தைக்கும் சிறு கம்பெனி நடத்தி வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் நிறுவனம் ஒன்று, மிகக் குறைந்த விலைக்கு வலைத்தளமும் மின்னஞ்சலும் அமைத்துத் தருவதாகக் கூறிப் பணம் பெற்றது. அதன் பெயர் இங்கே வேண்டுவதில்லை. இரண்டு ஆண்டுகள் யாவும் செவ்வனே நடந்தன. மூன்றாம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை, மாமாவுக்கு வரவேண்டிய கடிதங்கள் வரவில்லை. சரக்கின் மாதிரியை ஒப்புக்கொண்டு அயல்நாட்டு வாடிக்கையாளர் எழுதிய கடிதம் திரும்பிப் போயிற்று. அவர் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு, கம்பெனி மூடப்பட்டது போலும் என்று எண்ணி, வேறொருவரிடம் ஆர்டரைக் கொடுத்துவிட்டார்.

நடந்தது இதுதான். வலைப்பெயரை அந்நிறுவனம் மாமாவின் பெயரிற் பதிவு செய்யாமல் தன் பெயரிலேயே பதிவு செய்து வைத்திருந்தது. பின்னர் அந்நிறுவனமே கலைந்துவிட்டது. ஆண்டுக் கட்டணம் செலுத்துமாறு வந்த நினைவூட்டல்கள் எவரும் திறவாத அஞ்சற்பெட்டி ஒன்றிற் சென்று விழுந்தன. டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியானால், பதிவு செய்த நிறுவனத்தின் வழக்கத்தைப் பொறுத்து 45 நாட்கள் வரையில் வழக்கமான கட்டணத்தைக் கட்டி மீட்கலாம். அதன்பின் 30 நாட்கள் மிகுந்த கட்டணம் கட்டி மீட்கலாம். பின்னர் 5 நாட்கள் கழிந்தால் அப்பெயர் உலகத்தார் யாவர்க்கும் பொதுவாகும். அந்நாட்களெல்லாம் நாங்கள் மேலிடங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தோம். “பதிவேட்டிலுள்ள உரிமையாளர் நீங்கள் அல்லீர்” என்பதே விடை. கடைசியில் அறிமுகமில்லாத ஒருவர் அப்பெயரைப் பதிவு செய்துகொண்டு, திருப்பிக் கொடுக்கப் பெருந்தொகை கேட்டார். மாமா புதிய பெயரொன்றைப் பதிவு செய்து, அட்டைப்பெட்டி, லேபில், விசிட்டிங் கார்டு யாவற்றையும் மறுபடி அச்சிட்டார். “கடை நம்முளுதுதானுங்க மாப்பிள்ளை, பேர்ப்பலகை மட்டும் ஊரானுது போலிருக்குது” என்று அவர் கூறியது இன்னும் என் செவியில் உள்ளது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நான் தெளிந்த கருத்து ஒன்று. வெப் ஹோஸ்டிங் தொழிலில் விற்கப்படும் பொருள் சர்வரில் உள்ள இடம் அன்று. இடம் மலிவானது, நாளுக்கு நாள் இன்னும் மலிவாகி வருவது. விற்கப்படுவது காவல். பிறர் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டபோது குறையாமல் திருப்பிக் கொடுக்கும் நாணயம். இதனை உணர்ந்தவன் சிறு ஊரிலிருந்தும் இத்தொழிலை நடத்தலாம். உணராதவன் பெருநகரில் எத்துணை விளம்பரம் செய்தாலும் நிலைபெறான். இதுவே இக்கட்டுரையின் துணிபு.

முதலிற் தொடங்கும் முறையை நோக்குவோம். குன்னத்தூர் இளைஞன் டேட்டா சென்டர் கட்ட வேண்டியதில்லை, கட்டவும் இயலாது. தன் வீட்டு அறையில் ஒரு கணினியை வைத்து அதனைச் சர்வர் என்று கூறி விற்பதோ பெருந்தவறு. ஒரு நாள் மின்தடையே அவனது பெயரைக் கெடுத்துவிடும். அவன் செய்யத்தக்கது, சென்னையிலோ மும்பையிலோ உள்ள பெரிய நிறுவனத்திடம் சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அதனைப் பகுத்துத் தன் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதாகும். இதற்கு ரீசெல்லர் முறை என்று பெயர். நம் மாவட்டத்தார்க்கு இது புதிதன்று. திருப்பூரில் நூல் வாங்குபவர் ஒருவர், நிட்டிங் செய்பவர் ஒருவர், சாயமிடுபவர் ஒருவர், தைப்பவர் ஒருவர், செக்கிங்கும் அயர்னிங்கும் செய்பவர் வேறொருவர். யாவற்றையும் ஒருவரே வைத்திருப்பது அரிது. ஜாப் ஒர்க் என்னும் ஏற்பாட்டினால் சிறு முதல் உடையவரும் பெருந்தொழிலில் ஒரு கண்ணியாக இருக்கின்றனர். ஆனால் தையலில் குறை இருப்பின், “சாயப்பட்டறைக்காரர் பிழை” என்று கூறி வாடிக்கையாளரிடம் தப்ப முடியாதன்றோ? இங்கும் அங்ஙனமே. மேலுள்ள நிறுவனம் தவறினாலும் வாடிக்கையாளருக்கு விடை சொல்ல வேண்டியவன் நம் இளைஞனே.

இந்த ரீசெல்லர் முறையை நம் நாட்டிற் பெருக்கியவர்களுள் முதன்மையானோர் மும்பையைச் சேர்ந்த பாவின் துராகியா, திவ்யாங் துராகியா என்னும் சகோதரர். நம் நாட்டிற் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளிலேதான் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தால் திறக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களுக்கு அவ்வுரிமை 1998-ஆம் ஆண்டின் இறுதியிற் கிடைத்தது. அதனை முதலில் பயன்படுத்தியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே. அதே 1998-இல், மூத்தவருக்கு 18 வயதும் இளையவருக்கு 16 வயதும் நடக்கையில், தந்தையாரிடம் 25,000 ரூபாய் கடன் பெற்று இச்சகோதரர் டைரக்டி என்னும் தொழிலைத் தொடங்கினர். அவர்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் தாமே தேடிச் செல்லாமல், ஊர்தோறும் உள்ள சிறு விற்பனையாளருக்கு மொத்த விலையில் இடமும் வலைப்பெயரும் கொடுத்து, அவர்கள் வாயிலாக விற்றனர். 2014-ஆம் ஆண்டில் அத்தொழிலின் ஹோஸ்டிங் பிரிவுகளை அமெரிக்க நிறுவனமொன்று விலைக்கு வாங்கிற்று. சிறு ஊர்க்காரன் இத்தொழிலுக்கு அயலான் அல்லன், அவனை நம்பியே இத்தொழில் பரவிற்று என்பதற்காகவே இவ்வரலாற்றைக் கூறினேன்.

கருவிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி முதலியன விலையின்றிக் கிடைப்பவை. உலகிலுள்ள வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இயங்கும் வேர்டுபிரஸ் 2003-இல் வெளிவந்ததும் விலையில்லாததே. வலைத்தளத்திற்குப் பாதுகாப்பளிக்கும் சான்றிதழை, முன்னர்ப் பணம் கொடுத்து வாங்கினோம். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அறநிறுவனம் 2015-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அதனை யாவர்க்கும் இலவசமாக அளித்து வருகிறது. ஆகவே அதற்குத் தனிக் கட்டணம் விதித்து அறியாதவரிடம் பணம் பறிப்பது முறையன்று. விலை கொடுத்து வாங்கும் கருவிகளில் மட்டும் விழிப்பு வேண்டும். ஹோஸ்டிங் தொழிலாளர் பலரும் கையாளும் சிபேனல் என்னும் மென்பொருள், சர்வருக்கு இவ்வளவு என்று இருந்த வாடகையை 2019-ஆம் ஆண்டில் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றியது. மலிவாக விற்றுக்கொண்டிருந்த சிறு தொழிலாளர் பலர் திகைத்தனர்.

வரவுசெலவைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வாடிக்கையாளர் இடம், பெயர், மின்னஞ்சல் யாவற்றுக்குமாக ஆண்டுக்கு 4,000 ரூபாய் கொடுப்பதாக உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். முதலாண்டில் 30 பேர் சேர்ந்தால் வரவு 1,20,000 ரூபாய். சர்வர் வாடகை, பெயர்ப்பதிவு, மென்பொருள், போக்குவரத்து ஆகியவை போக எஞ்சுவது ஒருவன் உணவுக்கும் காணாது. 200 பேர் சேர்ந்தால் 8,00,000 ரூபாய். அப்போதே இருவர் கௌரவமாகப் பிழைக்கலாம். ஆகலின், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வலைத்தளம் வடிவமைத்துக் கொடுத்தல் போன்ற பக்கத்தொழில் ஒன்று வேண்டும். அல்லது வீட்டார் ஆதரவு வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவன் அவசரப்பட்டு உத்தியோகத்தை விட்டுவிடலாகாது. ஆனால் இத்தொழிலுக்கு ஒரு சிறப்பு உண்டு. சென்ற ஆண்டு சேர்ந்தவர் இவ்வாண்டும் கட்டணம் செலுத்துவர். அடுத்த ஆண்டும் செலுத்துவர். தென்னம்பிள்ளை வைத்தவன் போலப் பொறுத்திருப்பவனுக்கு ஆண்டுதோறும் காய்க்கும். முதலாண்டில் வாடிக்கையாளரை ஏமாற்றுபவனோ அப்பிள்ளையைத் தானே பிடுங்கி எறிகின்றான். நாணயம் இங்கே அறம் மட்டுமன்று. வரவுசெலவுக் கணக்கும் அதுவே.

இனி, வாடிக்கையாளரைச் சேர்க்கும் முறை. இன்று இத்தொழிலின் விளம்பரங்களை நோக்கினால் இரண்டு சூழ்ச்சிகள் தெரியும். ஒன்று, “எல்லையற்ற இடம்” என்னும் வாக்கு. எல்லையற்ற வட்டு எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படவில்லை. சிறிய எழுத்தில் அச்சிட்ட நிபந்தனைகளில் எல்லை ஒளிந்திருக்கும். மற்றொன்று, முதலாண்டுக்கு மிகக் குறைந்த விலை கூறி, புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பது. நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டைப் போட்டு மூடி, அதன்கீழ் விரல் பிடித்து விலை பேசுவதைக் கண்டிருக்கிறோம். அங்கே வாங்குவோனும் விற்போனும் அம்முறையை அறிந்தவர். ஆதலால் வஞ்சனை இல்லை. இங்கே துண்டின்கீழ் என்ன நடக்கிறதென்பதை ஒருவன் மட்டுமே அறிவான். நம் இளைஞன் துண்டை விலக்கிவிட வேண்டும். இவ்வாண்டின் விலையையும் புதுப்பிக்கும் விலையையும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் எழுதுவானாக. மாதத்தில் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்று கூறினால், அதன் பொருள் 30 நாட்களில் ஏறத்தாழ 43 நிமிடம் நின்றுபோகக்கூடும் என்பதே என்றும் கூறிவிடுவானாக.

இவ்வாறு உண்மையைக் கூறுவதோடு, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தமிழில் எழுதிய ஒரு பக்க உடன்படிக்கை கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டுமென்பது என் கருத்து. அதில் ஐந்து வாக்குகள் இருந்தால் போதும். முதலாவது, வலைப்பெயர் வாடிக்கையாளரின் பெயரிலும், அவரே திறந்து பார்க்கக்கூடிய மின்னஞ்சலிலும் பதிவாகும். இரண்டாவது, அவர் பொருளின் நகல் வேறோர் ஊரிலுள்ள சர்வரில் நாள்தோறும் வைக்கப்படும். கேட்டபோது அவரிடம் கொடுக்கப்படும். மூன்றாவது, கட்டணம் உயருமாயின் மூன்று மாதங்களுக்கு முன்னரே அறிவிக்கப்படும். நான்காவது, அவர் வேறொருவரிடம் செல்ல விரும்பினால், மாற்றத்திற்கு வேண்டிய இரகசியக் குறியீடு முதலியவை மூன்று நாட்களுக்குள் முகஞ்சுளியாமல் கொடுக்கப்படும். ஐந்தாவது, தொழில் நடத்துபவன் நோயுற்றாலோ இறந்தாலோ பொறுப்பேற்கும் இரண்டாமவர் இன்னார். இந்த ஐந்தாவது வாக்கு சிலருக்கு அமங்கலமாகத் தோன்றலாம். ஆனால் ஒரே ஆளின் நினைவில் மட்டும் எல்லாப் பாஸ்வேர்டுகளும் இருப்பது நூறு குடும்பங்களின் பிழைப்பை ஒரு நூலில் தொங்கவிடுவதாகும். ஆதலால் இத்தொழிலைத் தனியனாய்த் தொடங்காமல் இருவர் மூவராய்ச் சேர்ந்து தொடங்குதலே நன்று. அப்பக்கமே இத்தொழிலுக்குத் தலைசிறந்த விளம்பரம். என் மாமாவிடம் அத்தகைய ஒரு தாள் அன்று இருந்திருந்தால் அவர் ஆர்டரை இழந்திரார்.

யாரிடம் செல்வது என்னும் வினாவுக்கும் விடை அருகிலேயே உள்ளது. உலகத்தையே வாடிக்கையாளராகக் கருதி இணையத்தில் விளம்பரத்திற்குப் பணம் இறைக்கும் போட்டியில் பெருநிறுவனங்களை நம்மால் வெல்ல முடியாது. குன்னத்தூர், ஊத்துக்குளி, பெருமாநல்லூர் வட்டாரத்துப் பின்னலாடைக் கம்பெனிகள், அரிசி ஆலைகள், செக்கெண்ணெய்க் கடைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றிற்கு நேரிற் செல்லலாம். அவற்றுள்ளும் ஒரு தொழிலை ஆழ்ந்து அறிதல் நலம். ஏற்றுமதிக் கம்பெனிக்கு அழகிய படங்களைவிட இன்றியமையாதது மின்னஞ்சல். கடிதம் உண்மையில் இவரிடமிருந்துதான் வந்தது என்பதை மெய்ப்பிக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்னும் மூன்று பதிவுகளை வலைப்பெயரோடு சேர்த்தல் வேண்டும். மொத்தமாக அஞ்சல் அனுப்புவோர்க்கு இவற்றைக் கூகுளும் யாஹூவும் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கின. இவை இல்லாதவர் எழுதும் விலைக் குறிப்பு, வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டியிற் சென்று விழக்கூடும். அதனினும் கொடியது, ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய போலிப் பெயரிலிருந்து, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இக்கணக்கிற்கு அனுப்புக” என்று எழுதும் மோசடி. மாதக்கணக்கில் உழைத்துத் தைத்த சரக்கின் விலை ஒரே கடிதத்தால் திருடனிடம் போய்ச் சேரும். இவற்றை ஒரு கம்பெனி முதலாளிக்கு அவர் மேசையருகே அமர்ந்து, அவர் மொழியில் விளக்கி, அவருடைய பெயரிலுள்ள குறையை அங்கேயே சோதித்துக் காட்டுபவனுக்கு வேறு விளம்பரம் வேண்டுவதில்லை. ஒருவர் நன்மை பெற்றால், அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் அமர்ந்திருக்கையில் பத்துப் பேரிடம் கூறுவார். அவ்வாறே தீங்கு பெற்றாலும் கூறுவார் என்பதை மறவற்க.

பேணும் முறையிலும் ஒரு வரலாறு நமக்குப் பாடமாகும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், டிரினிட்டி பல்கலைக்கழக மாணவர் மூவர் 1998-ஆம் ஆண்டில் ராக்ஸ்பேஸ் என்னும் ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தொடங்கினர். இயந்திரத்தை நன்கறிந்த அவர்கள், தொடக்கத்தில் வாடிக்கையாளருக்கு விடையளிப்பதைத் தொல்லையாகவே எண்ணினர். பின்னர் அவ்வழி தவறென உணர்ந்து, அழைத்தவர்க்கு எந்நேரமும் உதவுவதையே தம் கொடியாக உயர்த்தினர். அதனாலேயே புகழ் பெற்றனர். அத்தகைய நிறுவனமே 2022-ஆம் ஆண்டு டிசம்பரில், திருடர் சர்வருட் புகுந்து பூட்டிவிட்டமையால், தன் மின்னஞ்சற் சேவைகளுள் ஒன்றை அடியோடு கைவிட நேர்ந்தது. பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் என்னும் பெருநிறுவனத்தின் டேட்டா சென்டர் 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் தீக்கிரையாயிற்று. நகல் வைத்திருந்தும், அந்நகலும் அதே வளாகத்தில் இருந்தமையால், சிலர் யாவற்றையும் இழந்தனர். அத்தகைய வாடிக்கையாளர் ஒருவருக்கு இழப்பீடு கொடுக்குமாறு 2023-இல் அந்நாட்டு வணிக நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பெரியவருக்கே இவ்வாறெனில் சிறியவன் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! நகல் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அந்நகலிலிருந்து ஒரு தளத்தைத் திரும்ப எழுப்பிப் பார்த்தால்தான் அது நகல் என்று கூறத்தகும்.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். இணையப் பாதுகாப்புக்கான அரசாங்க அமைப்பாகிய செர்ட்-இன் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் வெளியிட்ட கட்டளைப்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்கள் நேர்ந்தால் அறிந்த 6 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும். சர்வர் வாடகைக்கு விடுவோர் வாடிக்கையாளரின் உண்மையான பெயர் முகவரிகளை 5 ஆண்டுகள் வரை காத்து வைத்தலும் வேண்டும். “பணம் கொடுத்தான், இடம் கொடுத்தேன், அவன் யாரென்று அறியேன்” என்று கூறித் தப்பும் காலம் போயிற்று. போலி வங்கித் தளமோ, சூதாட்டத் தளமோ நடத்த வருபவன் இருமடங்கு கொடுப்பதாகக் கூறினாலும் அவனைப் படியேற விடலாகாது.

இனி, எதிர்வாதம் கூறுவோரையும் கேட்போம். “அமேசானும் கூகுளும் மைக்ரோசாஃப்டும் உலகையே ஆளும் இக்காலத்தில் குன்னத்தூர்க்காரன் என்ன செய்வான்?” என்பர் சிலர். அவர்கள் விற்பது இயந்திரத்தை. அதனைச் சிறு கம்பெனி முதலாளிக்குப் பொருந்தும்படி அமைத்து, பழுதானால் பைக்கில் ஏறி வந்து நிற்பவன் அவர்களிடம் இல்லை. நம் இளைஞன் அவர்களோடு போட்டியிட வேண்டியதில்லை; அவர்களிடமே வாடகைக்கு எடுத்தும் தொழில் நடத்தலாம். “வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் இருக்க வலைத்தளம் எதற்கு?” என்பர் வேறு சிலர். அவை பயனுடையனவே, ஆனால் பிறர் திண்ணை. 1990-களில் இலட்சக்கணக்கானோர் பக்கங்கள் அமைத்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. நம் நாட்டில் பலர் பழகிய ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதனையே கடைத்தெருவாகக் கொண்டிருந்தோர் ஓரிரவில் வாடிக்கையாளரை இழந்தனர். திண்ணையில் அமர்ந்து வியாபாரம் செய்க. ஆனால் சொந்தப் பெயரில் ஒரு வீடும் இருக்கட்டும். “ஊரில் இருந்துகொண்டு உலகத் தொழில் நடக்குமா?” என்பது மூன்றாவது ஐயம். ஸோஹோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்து, அயல்நாட்டார்க்கும் மென்பொருள் படைத்து வருவதைக் காண்க. சென்னைக் கடற்கரையில் சிங்கப்பூர் முதலிய இடங்களிலிருந்து கடலடிக் கம்பிகள் வந்து ஏறுகின்றன. குன்னத்தூருக்கும் உலகிற்கும் இடையே இருப்பது தூரம் அன்று, பழக்கமின்மையே.

மெய்யான இடர் ஒன்று உண்டு, அதனை மறைக்கலாகாது. இத்தொழில் இரவுத் தூக்கத்தைப் பறிக்கும். ஐரோப்பாவில் அலுவல் நேரம் முடிகையில் இங்கே நள்ளிரவு நெருங்கிவிடும். தீபாவளியன்றும் சர்வர் நின்றுபோகும். நிலுவை வைப்போரிடம் தளத்தை நிறுத்தாமலும் நட்பைக் கெடாமலும் பணம் பெறுவது ஒரு கலை. உறவினருக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினால் தொழில் ஓராண்டும் நில்லாது. இவற்றைத் தாங்கும் பொறுமை இல்லாதவர் இதில் இறங்காதிருப்பதே அவர்க்கும் பிறர்க்கும் நன்மை.

முடிவாக, நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். கணினித் துறையின் இறுதியாண்டு மாணவர் சிலர், ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், கல்லூரிச் சங்கங்களின் தளங்களையும் பழைய மாணவரின் சிறு தொழில்கள் சிலவற்றின் தளங்களையும் ஓராண்டு காத்து நடத்துமாறு ஏற்பாடு செய்யலாகாதா? பாடநூலில் பேக்கப் என்னும் சொல்லைப் படித்தவனுக்கும், பிறர் பொருளை இழந்துவிட்டு அவர் முகத்தில் விழித்தவனுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அந்த இரண்டாவது பாடத்தைக் கல்லூரியின் நிழலிலேயே, சிறு இழப்போடு கற்றுக்கொள்வது நன்று. வணிகத்துறை மாணவர் அத்தளங்களுக்குக் கணக்கெழுதலாம். தமிழ்த்துறை மாணவர் நான் மேலே கூறிய ஒரு பக்க உடன்படிக்கையைத் தெளிந்த தமிழில் வரையலாம்.

என் மாமா இப்போது தம் புதிய வலைப்பெயரின் பதிவுத் தாளை, நிலப்பத்திரங்களோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை என்னை அழைத்து, “கட்டிட்டீங்களா மாப்பிள்ளை?” என்று கேட்கிறார். நம் வட்டாரத்தில் அவரைப் போன்றோர் இன்னும் பலர், பெயர் யாரிடம் உள்ளதென்றே அறியாமல் வியாபாரம் செய்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் வாயிலில் சென்று நிற்க நம் பட்டதாரிகளுள் இருவர் மூவரேனும் முன்வருவாராக.